கோதையின் ஊர்க்காரிக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய மூன்று பாட்டுகளையும் கேட்டேன். ஒப்பந்தத் தாளையும் வரிவரியாகப் படித்தேன். பாட்டைப் பற்றிப் பேசத்தான் ஆசை. ஆனால் உன் தாலாட்டை வாங்க வந்திருக்கிற கம்பெனி உனக்கு ஒரு வாரம்தான் தவணை கொடுத்திருக்கிறது என்பதால் ஒப்பந்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதே.

அவர்கள் தருவதாகச் சொல்கிற 25,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். மில் ஆபீஸில் கணக்கு எழுதி, தம்பியின் காலேஜ் பீஸையும் கட்டுகிற உனக்கு அது எத்தனை மாதத்துப் பெருமூச்சு என்பதும் தெரியும். அந்தத் தாளில் அவர்கள் கேட்பதைப் பார். உன் தாலாட்டுப் பாட்டின் வரி, மெட்டு, குரல், ஒலிப்பதிவு நான்கையும் என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும் எழுதிக் கேட்கிறார்கள். பாட்டு வெளிவரும்போது உன் பெயர் எங்கே வரும் என்று ஒரு வரிகூட இல்லை. முதல் நான்கு அடிகளை உனக்குச் சொல்லிக்கொடுத்த உன் அம்மாச்சி அந்தத் தாளில் எங்குமே இல்லை. பணம் போதுமா போதாதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. இந்தக் கடிதம் முழுக்க நான் பேசப்போவது பெயரைப் பற்றித்தான்.

நீ வளர்ந்தது இராஜபாளையம். அம்மாச்சி வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம். சின்ன வயதில் ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போனதையும், தேர்க்கூட்டத்தில் அம்மாச்சி உன் கையை விடாமல் பிடித்திருந்ததையும் எழுதியிருந்தாய். தேரில் வருகிற கோதையை, ஆண்டாளை, பாட்டு எழுதுகிற பெண்ணாக ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறாயா? ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால் அதே ஊரில் சொந்தமாகப் பாட்டுக் கட்டியவள் அவள். அப்பாவும் மகளும் எடுத்துக்கொண்ட சரக்கு எதுவென்று பார். அப்பா பெரியாழ்வார் எடுத்தது வீட்டுப் பெண்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு பாடுவதும் பேசுவதும்: தொட்டிலாட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது, குளிக்க அழைப்பது, காது குத்துவது, குழல் வாரக் காக்கையை வரச்சொல்வது. மகள் எடுத்தது பெண்பிள்ளைகளின் விளையாட்டை: மணலில் சிற்றில் கட்டுவது, வட்டம் இழைத்துக் கூடல் பார்ப்பது, விடியலில் தோழிகளை எழுப்பிக்கொண்டு நீராடப் போவது, குயிலிடம் சேதி சொல்லி அனுப்புவது. அப்போது அந்த ஊர்த் தெருக்களில் யார் வாயிலும் இருந்திருக்கக்கூடிய பேச்சும் ஆட்டமும்தான் எல்லாம். நாட்டார் பாட்டைப் புதுப்பாட்டாக்குகிறேன் என்று நீ இன்று சொல்கிற வேலையை அந்த வீடு அன்றே செய்து முடித்திருக்கிறது.

அடுத்து அவள் செய்ததுதான் உனக்கு வேண்டியது. திருப்பாவை 30 பாட்டு. நாச்சியார் திருமொழி 143 பாட்டு. திருப்பாவையின் கடைசிப் பாட்டிலும், நாச்சியார் திருமொழிப் பதிகங்களை முடிக்கிற பாட்டுகளிலும் தான் இன்னாள், இன்னாரின் மகள், இன்ன ஊர் என்று பொதிந்து வைத்தாள். அந்தச் சீரைப் பிடுங்கினால் யாப்பே உடைந்துவிடும். வைணவக் கல்யாண வீடுகளில் கனாக் கண்ட பதிகத்தைப் பாடுகிறவர்கள் இன்றைக்கும் வில்லிபுத்தூரையும் கோதையையும் சொல்லித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. தாள் இல்லை, பத்திரம் இல்லை, ஒலிநாடா இல்லை. தெருவில் கிடந்த விளையாட்டை எடுத்தவள், அதை எந்தத் தெருவில் எடுத்தாள், யாரிடம் படித்தாள், எடுத்து ஆக்கியவள் யார் என்பதை அழிக்க முடியாதபடி உள்ளேயே வைத்துப் பூட்டினாள். உன் ஊர்ப் பாட்டுக்காரியின் முதல் பழக்கம் இது.

மார்கழியில் ஒரு நாளாவது லீவு போட்டுவிட்டு அங்கே அரையர் சேவைக்குப் போ. கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர்கள் பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார்கள். இன்று சில ஊர்களில்தான் அது மிச்சம் இருக்கிறது. அதில் ஒன்று உன் அம்மாச்சி ஊர். ஒரு பாட்டு எத்தனை தலைமுறை தாண்டி எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். அரக்கோணத்துப் பையன் தெருக்குரல் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடியது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பத்தின் கதையும் அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அந்தப் பாட்டுக்குள் இருந்தார்கள். சினிமாவுக்கு வெளியே பிறந்த ஒரு தமிழ்ப் பாட்டு அந்த அளவுக்கு உலகம் சுற்றியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோது அறிவு அங்கே இல்லை. அதன்பின் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சம்பந்தப்பட்டவர்களே வெளிப்படையாக எழுதிக்கொள்ள வேண்டி வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் அதுவரை வருமானம் வந்து சேரவில்லை என்று வீடியோவில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. மூன்று பேரும் திறமைசாலிகள், பாட்டும் உயிருள்ள பாட்டு, கேட்டவர்கள் கோடிக்கணக்கில். அப்படியிருந்தும் இது நடந்தது. ஒரு பாட்டைச் சேர்ந்து செய்கிற அன்றைக்கே, ஸ்டுடியோவை விட்டு வெளியே வருவதற்கு முன்னால், ஒரு தாளில் வரி யார், மெட்டு யார், பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். நட்பு கெட்டுவிடும் என்று பயப்படாதே. எழுதாமல் விட்டுத்தான் நட்புகள் கெட்டிருக்கின்றன.

சட்டம் உனக்கு எவ்வளவு பக்கபலமாக இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கும். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று பாட்டெழுதுகிறவர்களுக்காகப் பேசியதெல்லாம் அப்போதுதான். அந்தத் திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை விற்றாலும், அந்தப் பாட்டு பயன்படும்போது வருகிற உரிமைத்தொகையில் வாங்கியவரோடு சரிபாதி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி வாங்கினாலும் அந்த வாசகம் செல்லாது. வாரிசுக்கோ, உரிமைத்தொகையை வசூலித்துக் கொடுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றித் தரலாம். எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உன் தாளில் "என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும்" என்று மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் யாருக்கு உதவும்? எழுதியவர் இன்னார் என்று பெயர் இருந்தால்தான் உதவும். பெயர் இல்லாத பாட்டுக்குப் பாதிப் பங்கு என்றால் அந்தப் பாதியை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? ஆகவே முதல் வேலையாக ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாட்டெழுதுகிறவள், மெட்டமைக்கிறவள் என்று இரண்டு வகையிலும் உறுப்பினராகச் சேர். 1969-லிருந்து இருக்கிற சங்கம் அது. 2017-ல் காப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவானது. பாடுகிற குரலுக்கான தொகை வேறு. அதற்குப் பாடகர்கள் சங்கம் தனியாக இருக்கிறது, அதிலும் சேர். ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்குப் போகும். அதனால் ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம் எல்லாம் உன் கையிலிருந்தே போகட்டும், பில் உன் பெயரில் இருக்கட்டும். தொகை சிறியதாக இருந்தாலும் சரி, மதுரையில் அரை நாள் வாடகைக்கு எடுத்த ஸ்டுடியோவாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் உண்டு. அதை ஒரு நோட்டில் எழுதி வை. கணக்கு எழுதுகிற பெண் நீ, உனக்கு இதெல்லாம் பெரிய காரியம் இல்லை.

இப்போது கடனுக்கு வருகிறேன். இதை நீ கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் மனசில் உறுத்துகிறது. தாலாட்டின் முதல் நான்கு அடி உன்னுடையது இல்லை. அம்மாச்சி அவள் அம்மாவிடம் கேட்டது. அதை "வரிகள்: நான்" என்று உன் பெயரில் போட்டு யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறாய். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். விவரம் எழுதுகிற பெட்டியில் வேறு இடமே இல்லை என்று நீ சொல்வாய். இடம் இருக்கிறது. மரபுப் பாடல் என்று போட்டு, பாடிக்கொடுத்தவர் இன்னார், இன்ன ஊர், பின்னுள்ள சரணங்கள் நான் எழுதியது என்று எழுது. நா. வானமாமலை 1964-ல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை வாங்கிப் பார். பாட்டுகளின் அடியில் வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள், உதவியவர், சேகரித்தவர், இடம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார். எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் கரிசல்காட்டில் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்துக் கொடுத்ததை அந்தச் சின்ன எழுத்துத்தான் இன்று நமக்குச் சொல்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அச்சுக் கோத்த காலத்தில் முடிந்தது, போனில் தட்டுகிற நமக்கு முடியாதா?

இதில் ஒரு சாதிக் கணக்கும் இருக்கிறது. தப்பு அடிக்கிறவர், உறுமி வாசிக்கிறவர், ஒப்பாரி பாடுகிற கிழவி, இவர்களின் கலையை எடுத்து மேடைக்குக் கொண்டுபோன பலர் அவர்களைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் நீ நிற்கக் கூடாது. உன் இரண்டாவது பாட்டில் வருகிற உறுமி, கம்ப்யூட்டரில் வாங்கிய துண்டு என்று காதுக்குத் தெரிகிறது. அதே அடி மாறாமல் முப்பது தடவை வருகிறது. கம்பளத்தார் தேவராட்டத்துக்கு உறுமி வாசிக்கிறவர்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தேடிப் போ, உட்கார்ந்து கேள், சம்பளம் பேசி முன்பணம் கொடுத்து அழைத்து வா. வாசித்தவர் பெயரைப் போடு. அவர் கைக்கு ஒரு தடவை வந்த அடி மறு தடவை அப்படியே வராது, பாட்டு அப்போதுதான் மூச்சு விடும்.

சரி, பாட்டுகள்.

இரண்டாவது பாட்டுத்தான் மூன்றிலும் பெரியது. சத்திரப்பட்டி விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்கிற அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். எங்கெங்கோ ஆஸ்பத்திரியில் யார் யாருடைய காயத்திலோ போய் உட்காரப்போகிற துணியை நெய்கிறவளின் விரலில் இருக்கும் வெடிப்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறாய். இதை உன் ஊர்க்காரி தவிர வேறு யார் எழுத முடியும்? நான் கேட்டபோது தொண்டை அடைத்தது. ஆனால் பல்லவி முடிந்ததும் நீ பயந்துபோய், சரணத்தில் காதலன் ஒருவனைக் கொண்டுவந்துவிட்டாய். அவன் அங்கே வேண்டாம். பாட்டு ஓட வேண்டும் என்றால் காதல் இருக்க வேண்டும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து விடியலில் டீக்கடையில் நிற்கிற பெண்களை எழுது. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் அவர்கள் கண்ணாலும் கையாலும் பேசிக்கொள்வதை எழுது. நீ பார்த்ததுதானே அது?

பேச்சுமொழியும் அந்தப் பாட்டில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. பல்லவியில் அங்கிட்டு, இங்கிட்டு என்று உன் வீட்டுப் பேச்சு வருகிறது. சரணத்தில் திடீரென்று சென்னை சினிமாப் பேச்சு. உன் தெருவில் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், பக்கத்துத் தெருவில் வேறு தமிழ், மலையடிவாரத்தில் இன்னொரு தமிழ். அத்தனையும் உன் காதில் விழுந்து வளர்ந்தவள் நீ. அதை விட்டுவிட்டு யாருடைய பேச்சையோ ஏன் கடன் வாங்க வேண்டும்?

மூன்றாவது, அய்யனார் அருவிப் பாட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் கேட்டு முடித்ததும் நினைவில் நிற்கவில்லை. மெட்டு சும்மா மிதக்கிறது. அதற்கு ஒரு நடை வேண்டும். நடை என்று நான் சொல்வதைக் காலால் நடக்கிற நடை என்றே எடுத்துக்கொள். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து கட்டியது எதற்காக? ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும்போது, வழிநெடுகப் பாடிக்கொண்டு நடக்க. வெயிலில், பாரம் சுமந்து, மைல் கணக்கில் நடக்கிறவன் காலுக்கு அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கிற மெட்டு அது. முப்பது வயதுக்குள், 1891-ல் அந்த மனிதர் போய்விட்டார். அவர் மெட்டோ நடந்துகொண்டே இருக்கிறது. பாரதி அந்த நடையை எடுத்துக்கொண்டார், சினிமா எடுத்துக்கொண்டது, கச்சேரி மேடையில் இன்றும் பாடுகிறார்கள். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் ஒரு இளைஞன், உன் வயதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தபோது, நாட்டுப்புறத்துச் சந்தத்தை எடுத்து இழைத்து இப்படி ஒன்றைச் செய்திருக்கிறான். அய்யனார் கோவில் பாதையில் நடந்துகொண்டே உன் பாட்டைப் பாடிப் பார். கால் எங்கே தடுக்குகிறதோ அங்கே சந்தம் தப்பு.

பாட்டில் அரசியல் பேசலாமா, பேசினால் கோவில் கொடைக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்டிருந்தாய். சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாததாஸ் நாடகமேடையில், வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சிக்குப் பாடுவார். விரட்டப்படுகிற வெள்ளைக் கொக்கு எது என்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் புரியும், வெளியே நின்ற போலீசுக்கும் புரியும். பலமுறை ஜெயிலுக்குப் போனார். முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகனாக மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவருக்குப் பாட்டெழுதிக் கொடுத்த மதுரகவி பாஸ்கரதாஸ் பெயர் எழுதியவர் இன்னார் என்று இன்றும் கூடவே வருகிறது, அதையும் கவனி. பறவை விரட்டுகிற பாட்டை விட எளிய நாட்டுப்புறப் பாட்டு உண்டா? அதற்குள் அவர்களால் ஒரு தேசத்தை வைக்க முடிந்தது. உன் பேண்டேஜ் பாட்டு ஏற்கெனவே அரசியல்தான். அதன் மேல் கோஷத்தை ஒட்ட வேண்டாம். கொடைக்குக் கூப்பிடாமல் போனால் போகட்டும், கல்லூரியில் கூப்பிடுவார்கள்.

சென்னைக்குக் குடிபோகலாமா என்பது உன் பெரிய கேள்வி. என் பதில், இப்போது வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா சென்னைக்குப் போனார், 1976-ல் 'அன்னக்கிளி'யில் ஊர்ப் பாட்டின் மணத்தை சினிமாவில் கொண்டுவந்து வைத்தார் என்று நீ சொல்லலாம். அவர் போவதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடை மேடையாக எத்தனை ஊர் பார்த்துவிட்டுப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல். அப்போது ஒலிப்பதிவுக் கூடம் சென்னையில்தான் இருந்தது, போகாமல் வழி இல்லை. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒலிப்பதிவுக்கோ நிகழ்ச்சிக்கோ வேலை இருந்தால் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறு, வேலையை முடித்துவிட்டு அதே பொதிகையில் திரும்பு. அங்கே வாடகை கட்டுவதற்காகவே பிடிக்காத பாட்டுக்கெல்லாம் கோரஸ் பாடி, குரலும் மனசும் தேய்ந்து ஊர் திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும். மில் வேலையை விடாதே. மாதச் சம்பளம் இருக்கிறவளிடம் ஒப்பந்தம் நீட்டுகிறவன் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவான்.

வருமானம் எங்கிருந்து வரும் என்று தெளிவாகப் புரிந்துகொள். இணையத்தில் கேட்கிறவர்களிடமிருந்து வருவது ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் ஒலிப்பதிவுக்கான பணம் கணக்கிலேயே சேராது. மேடைதான் சோறு போடும். பங்குனி, ஆடியில் கொடைகள், கல்லூரி விழாக்கள், பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம், நீலம் பண்பாட்டு மையத்தின் 'மார்கழியில் மக்களிசை', தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிகள், இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இரு. ஆகாசவாணிக்குக் குரல் தேர்வு கொடு. மதுரை, திருநெல்வேலி இரண்டும் உனக்கு எட்டும் தூரம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்து அட்டை வாங்கு. அம்மாச்சிக்கும் சேர்த்து விசாரி.

பரவை முனியம்மாவை நினைத்துக்கொள். மதுரை பக்கத்துப் பரவை ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். ஊர் ஊராகப் பாடி, 2003-ல் 'தூள்' படத்தில் வந்த பிறகு அவர் குரல் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. 2015-ல் உடம்பு முடியாமல் கையில் காசும் இல்லாமல் இருந்தபோது, அரசு அவர் பெயரில் ஆறு லட்சம் ரூபாய் போட்டுவைத்து வட்டியை மாதாமாதம் கொடுக்க ஏற்பாடு செய்தது. 2020 மார்ச்சில் காலமானார். அரசு கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அவ்வளவு புகழ் இருந்த குரலுக்கு முதுமையில் உதவிக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. மேடைச் சம்பளம் அன்றைக்கு வாங்கி அன்றைக்கே செலவாகிற பணம். பாட்டின் உரிமை உன் கையில் இருந்தால்தான் நீ பாட முடியாத வருஷங்களிலும் ஏதாவது வரும். உன் ஆயுளுக்கும் அதற்குப் பின் அறுபது ஆண்டுக்கும் வரியும் மெட்டும் உன்னுடையவை. இதற்காகத்தான் 25,000 ரூபாய்த் தாளைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது.

மேடை பற்றிச் சுருக்கமாக. முன்பணம் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதே. வண்டி, சாப்பாடு, தங்குமிடம், உடை மாற்ற கதவுள்ள ஒரு அறை, எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கு. கூட ஒரு ஆள் வேண்டும், அது அம்மாவாகவே இருக்கட்டும். ஆடல் பாடல் குழுவில் இடையில் இரண்டு பாட்டுப் பாடக் கூப்பிட்டால் யோசித்துச் சொல். பாடுவது தப்பில்லை, ஆனால் இரவு பத்து மணி நெருங்க நெருங்கக் கூட்டம் கேட்கிற பாட்டு மாறும், மறுக்கிற தெம்பு உனக்கு இருக்க வேண்டும். சுருதியை யாருக்காகவும் ஏற்றாதே. தாலாட்டை ஐந்தரைக் கட்டையில் பாடியிருக்கிறாய். உன் குரல் நாலரையில்தான் நிம்மதியாக இருக்கிறது. தாலாட்டுக்கு எதற்கு அவ்வளவு உயரம்?

கம்பெனிக்கு நாளைக்கே பதில் எழுது. பாட்டை விற்பதாக இல்லை என்று சொல். வேண்டுமானால் இந்த ஒரு ஒலிப்பதிவை மூன்று வருஷத்துக்கு வெளியிடும் அனுமதி தருகிறேன், வரியும் மெட்டும் என்னிடமே இருக்கும், வருமானத்தில் பங்கு இத்தனை சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று எழுது. பெயர்ப் பட்டியலைத் தனித்தாளில் இணை: மரபுப் பாடல், முதல் நான்கு அடி பாடிக்கொடுத்தவர், அவர் ஊர், மீதி வரியும் மெட்டும் நீ, வாசித்தவர்கள் ஒவ்வொருவரும். இந்தப் பட்டியல் இல்லாமல் பாட்டு எங்கும் வெளிவராது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்க்கச் சொல். அவர்கள் மறுத்துவிட்டால் வருத்தப்படாமல் விநியோகத் தளம் ஒன்றில் நீயே ஏற்று. ஆண்டுக் கட்டணம் உன் ஒரு மேடைச் சம்பளத்துக்குள் முடியும்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அம்மாச்சியை உட்காரவைத்து, தாலாட்டை முழுசாகப் பாடச்சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டு வா. நான்கு அடியோடு அது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மீதி அடிகள் வந்தால் நீ எழுதிய சரணங்களில் ஒன்றை எடுத்துவிட வேண்டியிருக்கும். எதை எடுப்பது என்று அப்போது பேசலாம்.

அன்புடன்,
உன் அக்கா